உள்ளங்கை மருந்து

மருந்தா? எந்த மருந்தைக் கேக்கறீங்க டாக்டரம்மா? ஓ, என் தங்கச்சி கைக்கு இதுக்கு முன்னால என்ன மருந்து குடுத்தீங்கன்னா? மன்னிச்சுக்குங்க. எங்க மலையில மருந்துன்னா மொதல்ல நெனப்புக்கு வர்றது மாத்திரை இல்லீங்க, துப்பாக்கியில கெட்டிக்கிற கருமருந்து. கொஞ்சம் சத்தமாக் கேளுங்க, வலது காது மந்தம்.

கைக்கு ஒண்ணும் சரியாக் குடுக்கலீங்க. பச்சிலை வச்சுக் கட்டினாங்க, வேப்பிலை அடிச்சு மந்திரிச்சாங்க. கீழ பெரியாஸ்பத்திரில படம் புடிச்சுப் பாத்துட்டு, எலும்பு நல்லா இருக்கு, நரம்பு நல்லா இருக்குன்னு அனுப்பிட்டாங்க. நீங்களும் அதையேதான் சொல்றீங்க. நல்லா இருக்கிற கை ஏன் இப்படி மூடிக் கெடக்குது, யாராச்சும் அடிச்சாங்களா, நெருப்பு பட்டுச்சான்னு கேக்கறீங்க. இப்ப விரிக்கலேன்னா இனிமே சாவற வரைக்கும் விரியாதுங்கறீங்க. சொல்றேன். அவ வாயால சொல்ல மாட்டா. நல்லாயி என் கூடப்பொறந்த தங்கச்சி. எம் பேரு தீர்த்தகிரி. எங்கிட்ட அவ பேசி எத்தனையோ வருசம் ஆச்சு. அவ பொண்ணு செவ்வந்திதான், மாமா நீயும் வா, வண்டி ஆஸ்பத்திரி வந்திருக்குன்னு கூப்புட்டுச்சு, வந்தேன். நர்சம்மா அவளை அந்தப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போயி பிரசர் பாக்கறாங்க பாருங்க, அது ஒரு வகையில நல்லது. அவ எதிர்ல எனக்கு வாய் வராது. மெதுவாவா? மெதுவாத்தானுங்களே பேசறேன்.

எங்கப்பன் வச்சிருந்தது நாட்டுத் துப்பாக்கி. தினைக்காட்டுல பன்னி பூராம இருக்கறதுக்கு லைசன்சு வாங்கி வச்சது. தோட்டா போட்டு டப்பு டப்புன்னு சுடற சமாச்சாரம் இல்லீங்க அது. குழாய் வாய் வழியா மருந்தைக் கொட்டணும். மேல தேங்கா நாரை அடைச்சுக் கம்பியால கெட்டிக்கணும். அப்புறம் குண்டு. அதுக்கு மேல திரும்ப நாரு, திரும்பக் கெட்டிப்பு. ஒருதரம் சுட்டுட்டா மறுபடி எல்லாத்தையும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். மான் என்ன, உக்காந்து பாத்துக்கிட்டா இருக்கும்? ஒரு குண்டு, ஒரு மான், அவ்வளவுதான் கணக்கு.

மான் சுடறது சட்டப்படி தப்புன்னு எனக்குத் தெரியாதான்னு கேக்கறீங்களா? தெரியுமுங்க. அப்பவும் தெரியும். ஆனா எங்க ஊர்ல பொங்கல் முடிஞ்சா ஒரு வேட்டை உண்டு. யாரு குண்டுல மான் விழுதோ அவன் கையாலதான் கோயில்ல மொதத் தேங்கா ஒடைக்கணும். எங்கப்பன் உசுரோட இருந்த வரைக்கும் அந்தத் தேங்கா எங்க வீட்டுதுதான். அப்பன் போயி துப்பாக்கி என் கைக்கு வந்துச்சு, தேங்கா ஊர்ல இன்னொரு துப்பாக்கிக்காரன் பெரியாண்டி வீட்டுக்குப் போயிடுச்சு.

மொத வருசம் சுட்டேன், குண்டு மானுக்கு மேல போச்சு. அடுத்த வருசம் சுட்டேன், பக்கத்துல இருந்த பாறையில பட்டு எங்கியோ தெறிச்சுச்சு. அந்தப் பெரியாண்டி பய எனக்கு ஒரு பேரு வச்சான் பாருங்க. வாணவேட்டு! திருவிழாவுல விடறாங்களே, மேல போகும், சத்தம் போடும், கீழ ஒண்ணும் விழாது. எனக்கு அதே பேரு. பொடுசுங்க எல்லாம் பின்னாலயே வந்து வாயாலயே 'டமார்'ங்கும். எனக்குப் பொண்ணு பாக்க அடுத்த ஊருக்குப் போனா அங்கயும், யாரு, அந்த வாணவேட்டான்னு கேட்டுட்டாங்க. எப்படி இருக்கும் சொல்லுங்க? சோறு எறங்குமா? ஆம்பளையாப் பொறந்துட்டு அப்பன் துப்பாக்கிய வச்சுக்கிட்டு ஊர் சிரிக்க வாழறதுக்கு நாண்டுக்கிட்டுச் சாவலாம்னு இருந்துச்சு.

துப்பாக்கி மேல குத்தம் இல்ல. அது எங்கப்பன் துப்பாக்கி. அப்ப குத்தம் அளவுலதான். எங்கப்பன் அளவு எப்படின்னு சொல்றேன், கையைக் காட்டுங்க, இப்படிக் குழிச்சு வையுங்க. உள்ளங்கை நடுவுல குண்டை வைக்கணும். மேல மருந்தைக் கொட்டிக்கிட்டே வரணும். குண்டு முழுகற வரைக்கும் கொட்டணும், முழுகினதும் நிறுத்திடணும். அவ்வளவுதான் அளவு. எங்க மலையில எல்லாரும் அப்படித்தான். தராசும் கெடையாது, படியும் கெடையாது. அப்பன் சொன்னபடியேதான் நானும் அளந்தேன். அப்பன் குண்டு மான் நெஞ்சுல போயி நின்னுச்சு, எங்குண்டு மரத்துக்கு மேல போயிடுச்சு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

மூணாவது வேட்டைக்குக் கார்த்திகை மாசமே ஆரம்பிச்சுட்டேன். இந்தத் தரம் அளவைக் கண்டுபுடிக்காம விடறதில்லன்னு. வீட்டுக்குப் பின்னால பலாமரம். அதுல ஒரு மொறத்தை மாட்டி நடுவுல அடுப்புக்கரியால பொட்டு வச்சேன். எட்டப் போயி நின்னு சுட்டுச் சுட்டுப் பாத்தேன். மருந்தை ஒரு சிட்டிகை கொறைச்சேன், குண்டு பாதி வழியில விழுந்துச்சு. கூட்டினேன், மரத்துக்கு மேல போச்சு. சைக்கிள் சக்கரத்துல இருக்கிற பால்ரசு குண்டை விட்டுட்டு ஈயத்தை உருக்கி ஊத்திப் பாத்தேன். தேங்கா நாருக்குப் பதிலாக் காகிதம் அடைச்சேன், பழைய வேட்டியைக் கிழிச்சு அடைச்சேன், அதை வெளக்கெண்ணெயில நனைச்சு அடைச்சேன். எண்ணெய்த் துணிக்குக் கொஞ்சம் புத்தி வந்த மாதிரி இருந்துச்சு, மொறத்து மேலயாச்சும் பட்டுச்சு. ஆனா பொட்டு? பொட்டுப் பக்கம் போகணுமே! சுத்தி எல்லா எடமும் ஓட்டை, பொட்டு மட்டும் புதுப்பொண்ணு நெத்தி மாதிரி அப்படியே இருந்துச்சு.

நல்லாயி வீடு எங்க வீட்டுக்கு அடுத்த வீடுதான். மாதையனுக்குக் குடுத்திருந்தோம், எங்கூட மாடு மேய்ச்சவன், சிநேகிதன், அப்புறந்தான் மச்சான். மொறம் அவளோடது. ஒருநாளு சாமை பொடைக்கத் தேடிக்கிட்டு வந்தவ அதைக் கையில எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா. "அண்ணா, இதுல நான் பொடைக்கறதா, சலிக்கறதா?"ன்னா. மாதையன் விழுந்து விழுந்து சிரிச்சான். "மச்சான், நீ ஏன் கஷ்டப்படற? உன் குண்டு எங்க போகும்னு மானுக்குச் சொல்லி அனுப்பிடு, அது வந்து நேராப் பாத்து நின்னுக்கும்"னான். நானும் சிரிச்சேன். அவன் சொன்னா எனக்குக் கோவம் வராது. ஊருல என்னை வாணவேட்டுன்னு கூப்புடாதவன் அவன் ஒருத்தன்தான்.

அப்ப எவனோ சொன்னான், குளவிக்கூட்டைப் பிச்சு அடைச்சா நெருப்புப் புடிக்காது, குண்டு நூல் புடிச்ச மாதிரி போகும்னு. நானும் ஒரு மடையன், காலிக் கூடுன்னு நெனச்சு கையை வச்சுட்டேன். காலியா அது? குடும்பத்தோட இருந்துச்சு! வலது கை பூராக் கொட்டிடுச்சு. பன்னு மாதிரி வீங்கிப் போச்சு. ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் மடங்குச்சு. நல்லாயி சுண்ணாம்பு தடவி விட்டா. நான் சும்மா இருந்தனா? துப்பாக்கிக் குதிரையை இழுக்க ஒரு விரல் போதும், ஆனா குண்டு வைக்க உள்ளங்கை குழியணுமே. "ஏ நல்லாயி, நீ கையைக் காட்டு"ன்னேன். அவ கையில குண்டை வச்சேன். "கொட்டு, குண்டு முழுகற வரைக்கும் கொட்டு"ன்னேன். எடது கையால மருந்துக் குடுவையை எடுத்துக் கொட்டினா. அதை அப்படியே குழாயில போட்டு, எண்ணெய்த் துணி வச்சுக் கெட்டிச்சு, சுட்டேன்.

பொட்டைக் காணோம் டாக்டரம்மா!

மொறம் இருக்குது, பொட்டு இருந்த எடத்துல ஓட்டை இருக்குது. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. திரும்பவும் அளக்கச் சொன்னேன். திரும்பவும் அதே ஓட்டைக்குப் பக்கத்துல, தொட்டுக்கிட்டு. மாதையன் ஓடிப்போயி மொறத்தை எடுத்துக்கிட்டு வந்து ஊரெல்லாம் காட்டினான்.

ஏம்மா சிரிக்கறீங்க? அவ கை சின்னது, குழி சின்னது, அதனால மருந்து கொறைஞ்சுது, அவ்வளவுதானேங்கறீங்களா. படிச்சவங்க நீங்க அப்படித்தான் சொல்வீங்க. அந்த யோசனை எனக்கும் வந்துச்சு. அவ அளவைப் புடிச்சு மூங்கில் குழல் ஒண்ணு அறுத்து வச்சேன். அதுல அளந்து சுட்டா குண்டு ஒரு சாண் தள்ளிப் போச்சு. அவ கையில அளந்தா நடுவுல. அதுக்குப் பேரு என்ன? கைராசி. நீங்க ஊசி போட்டா வலிக்கலை, அந்த நர்சம்மா போட்டா ரெண்டு நாளைக்கு வலிக்குது. மருந்து ஒண்ணுதானே? கை வேறல்ல?

அவளுக்கும் பெருமைதான். இல்லைன்னு சொல்ல முடியாது. சாமை இடிச்சுக்கிட்டு இருப்பா, நான் போயி நிப்பேன், கையைத் தொடைச்சுக்கிட்டு வந்து அளந்து குடுப்பா. "அண்ணா, இந்தக் கையை வெட்டிக் குடுத்தர்றேன், இடுப்புல கட்டிக்க, தெனம் என்னைக் கூப்புடாத"ம்பா. மாதையன், "கையை எடுத்துக்க மச்சான், வாயை மட்டும் இங்க விட்டுடாத"ம்பான். அந்த மாசம் மாதிரி ஒரு மாசம் நாங்க சிரிச்சதே இல்லீங்க.

வேட்டைக்கு மொத நாளு, நான் கேக்கறதுக்கு முன்னாலயே அவளா அளந்து, காகிதத்துல பொட்டணம் பொட்டணமா மடிச்சு, நனையாம எம் மடியில கட்டி விட்டா. "அண்ணா, தேங்கா நம்ம வீட்டுக்கு வரணும்"னா.

எங்க வேட்டை எப்படின்னா, துப்பாக்கிக்காரன் மேல ஓடைக்கரையில உக்காந்திருப்பான். மத்தவங்க கீழ இருந்து உண்ணிப் புதரைத் தட்டிக்கிட்டு, சத்தம் போட்டுக்கிட்டு ஏறி வருவாங்க. மான் அவங்களுக்குப் பயந்து மேல வரும். துப்பாக்கிக்காரனுக்குக் கிட்ட வந்துட்டா தட்டறதை நிறுத்திட்டு விசில் அடிப்பாங்க, வாயில ரெண்டு விரலை வச்சு. நான் இங்க இருக்கேன், பாத்துச் சுடுன்னு சொல்ற மாதிரி. மாதையன் விசில் மூணாவது மேட்டுக்குக் கேக்கும். எனக்கு மான் வெரட்டறதுக்கு நானே வர்றேன்னு அவந்தான் கேட்டு வந்தான்.

விடிஞ்சும் விடியாத நேரம். மூடுபனி எறங்கி ஓடை ரெண்டு பக்கமும் வெள்ளையா இருந்துச்சு. பெரியாண்டி அந்தாண்டக் கரையில துப்பாக்கியோட உக்காந்திருக்கான். எனக்கு ஒரே பயம், மான் அவம் பக்கம் போயிடுமோன்னு. சாமியெல்லாம் கும்புட்டுக்கிட்டு இருந்தேன். போகலை. எம் பக்கந்தான் வந்துச்சு. ஆண் மான், நல்ல கொம்பு. வந்த வேகத்துக்கு நேராத் தாண்டிப் போயிருக்கணும், குறி வைக்கவே முடியாது. அப்பப் பாத்து விசில் கேட்டுச்சு. அந்தச் சத்தத்துக்கு மான் அப்படியே நின்னு தலையைத் தூக்குச்சு. கழுத்து நீளமா, நல்லாத் தெரியுது. மாதையன் எனக்குன்னே நிறுத்திக் குடுத்த மாதிரி இருந்துச்சு. அவன் எனக்குச் செஞ்ச கடைசி ஒத்தாசை அதுதாங்க. குதிரையை இழுத்தேன்.

எங்க இருந்து கேட்டுச்சா? மானுக்குப் பின்னால புதருல இருந்துதான். கிட்டத்துலதான். ஏம்மா?

சொல்ல விடுங்க. பொகை கலையறதுக்குள்ள மான் விழுந்து கெடக்குது. கழுத்து நடுவுல, நான் எங்க பாத்தனோ அங்க, ஒரு நூல் இந்தாண்ட இல்ல, அந்தாண்ட இல்ல. நான் எந்திரிச்சு நின்னு கத்தினேன். "மச்சான், விழுந்துடுச்சு! மச்சான், வாணவேட்டு இல்ல, விழுந்துடுச்சு பாரு!"ன்னு கத்தறேன். புதரை விட்டு அவன் வெளிய வரலை. வெளையாட்டுக் காட்டறான்னு நெனச்சேன். அவன் அப்படித்தான் செய்வான். மானைப் புடிச்சுக்கிட்டு, கொம்பைத் தொட்டுப் பாத்துக்கிட்டு, வாடா வாடான்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தேன். பெரியாண்டிதான் ஓடையைத் தாண்டி வந்து புதரை வெலக்கினான். வெலக்கிட்டு என்னைத் திரும்பிப் பாத்தான். அந்தப் பார்வை இன்னும் என் முதுகுல இருக்குதுங்க.

குண்டு மான் கழுத்துல நிக்கலை. அங்க எலும்பு இல்ல, சதைதான். பூந்து அந்தப் பக்கம் வெளிய போயி மாதையன் நெஞ்சுல ஏறியிருந்துச்சு. மல்லாந்து கெடந்தான். வலது கையில ரெண்டு விரலும் மடங்கின மாதிரியே வாய்க்கிட்ட இருந்துச்சு. நான் அதை எடுத்துக் கீழ வச்சேன். திரும்ப வாய்க்கிட்டப் போன மாதிரி இருந்துச்சு எனக்கு. அது எப்படிப் போகும், செத்தவன் கை? ஆனா எனக்கு அப்படித்தான் இருந்துச்சு.

தண்ணி குடிச்சுக்கறேன். வேண்டாம், உக்கார மாட்டேன், நின்னாத்தான் பேச்சு வரும்.

கேசு நடந்துச்சு, உள்ள இருந்தேன், வந்தேன். அதை விடுங்க. ஆனா ஒண்ணு எனக்கு இன்னைக்கும் ஆறலை. எனக்காகப் பேசின வக்கீலு என்ன சொன்னாரு தெரியுமா? "நாட்டுத் துப்பாக்கிங்க, குறி வச்ச பக்கம் போகவே போகாது, கண்ட பக்கம் போகும், அப்படித்தான் தப்பிப் போயி பட்டுடுச்சு"ன்னாரு. நான் கூண்டுல நின்னுக்கிட்டு கையைத் தூக்கிட்டேன். "அய்யா, குறி தப்பலை. கழுத்தைப் பாத்தேன், கழுத்துலதான் பட்டுச்சு. வேணும்னா மானைக் கேளுங்க"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. வக்கீலு வெளிய வந்து என்னைத் திட்டின திட்டு! அப்பன் துப்பாக்கியைக் கேவலப்படுத்தி நான் வெளிய வரணுமா? ஊர்லயும் அதே பேச்சுதான். வாணவேட்டு குறி தப்பி மச்சானைச் சுட்டுட்டான்னு. குறி தப்பலைன்னு எவன்கிட்டப் போயிச் சொல்றது? ஒருத்தனாச்சும் நம்பணுமே.

நம்பினவ ஒருத்திதான். இவ.

நான் வந்ததும் வாசல்ல வந்து நின்னா. செவ்வந்தி இடுப்புல, அப்பக் கைக்கொழந்தை. அழலை. அழுது முடிச்சுட்டா போல. "அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. அன்னைக்குப் போட்ட மருந்து எங்கை அளவா, உங்கை அளவா?"ன்னா. நான் மறைக்கறவனா? அதுவும் அவகிட்ட? "உங்கை அளவுதான் கண்ணு. என் அளவா இருந்திருந்தா குண்டு மேல போயிருக்கும், மானும் பொழைச்சிருக்கும், மச்சானும் பொழைச்சிருப்பான். உன் கைராசிதான் அவ்வளவு நேராப் போச்சு. யாரு என்ன சொன்னாலும் நம்பாத, அப்படி ஒரு அளவு இந்த மலையில எவனுக்கும் அமையலை"ன்னேன். அவளுக்கு ஆறுதலா இருக்கட்டும்னுதாங்க சொன்னேன். தப்பு உன் பேர்ல இல்லைன்னு எப்படிச் சொல்றது? அளவு சரியா இருந்துச்சுன்னுதானே சொல்ல முடியும்?

அவ தன் உள்ளங்கையைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் மெதுவா மூடிக்கிட்டா. அன்னைக்கு மூடினதுதான் டாக்டரம்மா. அதுக்கப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல.

எடது கையாலதான் தின்னா. பாக்கறவங்க மொகத்தைச் சுளிப்பாங்க, பந்தியில உக்கார வைக்க மாட்டாங்க. தின்னா. எடது கையாலயே களை எடுத்தா, எடது கையாலயே புள்ளையக் குளிப்பாட்டினா. செவ்வந்தி கல்யாணத்துக்கு அட்சதை போடச் சொன்னா, எழுந்து கொல்லைப்பக்கம் போயிட்டா. இப்பப் பேரன் பொறந்திருக்கான். அவன் கையை நீட்டறான் பாட்டிகிட்ட. அந்த மூடின கையை முந்தானைக்குள்ள ஒளிச்சுக்கிறா, அவன் மேல பட்டுடப் போகுதேன்னு. அதைப் பாத்துத்தான் செவ்வந்தி ஒரே அழுகை. அதனாலதான் உங்ககிட்ட இழுத்துக்கிட்டு வந்துச்சு.

எனக்கென்னமோ அந்தக் கைக்குள்ள இன்னும் குண்டு இருக்குதுன்னு தோணும். நெசமாலுமே தோணும். கண்ணை மூடினா அவ கொட்டிக்கிட்டு இருக்கா. மருந்து வழியுது, தரையெல்லாம் கருப்பா நெறையுது, குண்டு முழுகவே மாட்டேங்குது. போதும் நல்லாயி, நிறுத்து நிறுத்துங்கறேன், நிறுத்த மாட்டேங்கறா. அந்த மானும் வந்து நிக்குது. தலையைத் தூக்கிக்கிட்டு நிக்குது, என்னைப் பாக்காது, பின்னால பாக்குது. என்னத்தையோ காது குடுத்துக் கேக்குது. துப்பாக்கி போலீசுக்குப் போயி எவ்வளவோ காலம் ஆச்சு. இன்னும் உப்பை எடுத்தாக்கூட உள்ளங்கையில வச்சு அளந்து பாக்கறேன். என்ன அளவு போட்டிருந்தா மானு விழுந்து மச்சான் பொழைச்சிருப்பான்னு. ஒரு சிட்டிகை கொறைச்சிருந்தா கழுத்துலயே நின்னிருக்குமா? அந்த அளவு எது? அது தெரிஞ்சுட்டா நான் நிம்மதியாச் சாவேன். பயமா இருக்குதுங்க. ராத்திரியானாப் பயமா இருக்குது, வேற என்ன சொல்றது.

என்ன? சத்தமாக் கேளுங்கம்மா.

விசிலா? விசிலைப் பத்தி அவகிட்டச் சொன்னனான்னா? அதை எதுக்குச் சொல்றது? அவ அதைக் கேக்கலையே. அவ கேட்டது அளவு. கோர்ட்டுல கூட யாரும் கேக்கலை. கீழ தட்டிக்கிட்டு வந்தவங்களுக்கு அவங்க போட்ட சத்தம், பெரியாண்டிக்கு ஓடை விழற சத்தம், ஒருத்தனுக்கும் கேக்கலையாம். கேட்டவன் நான் ஒருத்தன்தான். கேட்டா என்ன? மான் நின்னுருச்சுல்ல. அப்ப நான் புதரைப் பாக்கறதா, மானைப் பாக்கறதா? ஒரு மூச்சு விட்டுட்டுப் பாத்தா மான் போயிடும், பெரியாண்டி பக்கம் போயிடும். அளவு சரியா இருக்கு, குறி சரியா இருக்கு, இதுல விசில் என்ன பண்ணுச்சு? நீங்க ஏன் எனக்குப் பின்னால பாக்கறீங்க?

ஏ, நல்லாயி! நீ எப்பக் கண்ணு எழுந்து வந்த? பிரசர் பாத்தாச்சா?

டாக்டரம்மா, இப்ப ஏதோ சொன்னாளே. உதடு அசைஞ்சுது. எங்கிட்டயா சொன்னா? இந்தக் காதுல விழலை. என்ன சொன்னா? சொல்லுங்கம்மா, என்ன கேட்டா?

"விசில் கேட்டுச்சா உனக்கு"ன்னா?

பேசிட்டா! எங்கிட்டப் பேசிட்டா பாருங்க! கேட்டுச்சு கண்ணு, கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. கிட்டத்துலதான் அடிச்சான். சுடறதுக்கு முன்னாலதான். நீ இத்தனை வருசமா ஒருதரம் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பனே. உங்கிட்ட நான் எதைத்தான் மறைச்சேன்?

எங்க போற? நான் இங்க நிக்கறேன் நல்லாயி. அங்க டாக்டரம்மாகிட்ட ஏன் கையை நீட்டற? வலிக்கும், மெதுவா, மெதுவா. டாக்டரம்மா, அவளாப் பிரிக்கறா பாருங்க, ஒவ்வொரு விரலா. ரத்தம் செத்து வெள்ளையா இருக்குது. நகம் குத்தின தழும்பைப் பாருங்க, எத்தனை. உள்ள ஒண்ணும் இல்ல. நான் என்னென்னமோ நெனச்சேன், உள்ள ஒண்ணுமே இல்ல. எனக்கும் காட்டு கண்ணு. ஒருதரம் இந்தப் பக்கம் திருப்பு.

திருப்ப மாட்டேங்கறா. டாக்டரம்மா, நீங்களாச்சும் என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. நான் இப்ப என்ன சொல்லிட்டேன்?